மூச்சு வாங்குகிறவர்களுக்கு நாற்பத்தெட்டுப் படிகள்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஹுன்னஸ்கிரியவில் எங்கே நின்றால் மலை நன்றாகத் தெரியும், எந்தக் கடையில் ரொட்டி சுடச்சுடக் கிடைக்கும் என்றெல்லாம் எழுதுகிறவள் நான். இந்த முறை மடுல்கெல்லவிலிருந்து கண்டிக்கு, முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரு நெஞ்சு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பிய கதை. போனது ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. உங்கள் வீட்டிலும் நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குகிற ஒருவர் இருந்தால் இது உதவும். இல்லாவிட்டாலும் வாசியுங்கள். இவ்வளவு கோபத்தையும் நான் ஒருத்தியே வைத்துக்கொள்ள முடியாது.

நோயாளி என் சித்தி, அந்தோனியம்மா. அம்மாவின் தங்கை, வயது ஐம்பத்தொன்பது. முப்பத்தைந்து வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். கணவர் இல்லை, ஒரே மகன் கொழும்பில், தோட்டத்து லயத்துக் காம்பராவில், வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறார். சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. ஆனால் ஒன்பது வயதிலிருந்து ஜன்னல் இல்லாத அடுப்படியில் குனிந்து விறகை ஊதிக்கொண்டிருந்தவர். அந்தப் புகைதான் நுரையீரலைச் சிறுகச் சிறுகக் கெடுத்திருக்கிறது. நாட்பட்ட சுவாசத் தடை நோய் என்று கிளினிக்கில் பெயர் சொன்னார்கள். முழுதாகச் சுகமாகாது, ஆனால் புகையை விட்டுத் தள்ளியிருந்து, கொடுத்த பம்பை, வாயில் வைத்து அழுத்தி உள்ளிழுக்கிற மருந்தை, ஒருநாளும் தவறாமல் போட்டால் ஆளை நடமாட வைத்திருக்கலாம் என்றார்கள்.

பம்ப் கொடுத்து இரண்டு வருடம். அப்படியிருந்தும் இந்தப் பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை ஏறும்போது ஒன்பதாவது நிலையில் சித்தி விழுந்துவிட்டார். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வரும்போது கிளினிக் கொப்பியில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: மருந்து பலன் தரவில்லை, மூச்சுச் சோதனை செய்து பார்த்து ஒக்சிசன் தேவையா என்று முடிவெடுக்க வேண்டும். மகன் அதைக் கேட்டதும், மெசின் வந்தால் தனியாக வைத்திருக்க முடியாது, கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டான். அவன் இருப்பதோ மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை.

"அங்க போயி என்னா செய்ய ஸ்டெல்லா? மெசின மாட்டிக்கிட்டு செவத்தப் பாத்துக்கிட்டு கெடக்கவா?" என்று சித்தி என்னிடம் கேட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பேசாமல் இருந்தால் சித்தி பயந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனைக்கு நாள் கிடைக்கத் தாமதமாகும் என்றார்கள். சனிக்கிழமை கண்டியில் நாட்பட்ட நுரையீரல் நோய் பற்றி ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி நடக்கிறது, கிளினிக் டாக்டரும் வருவார், சோதனையும் இலவசம், அங்கே வந்தால் அன்றைக்கே முடிவு சொல்லலாம் என்றார்கள். நடத்துகிறவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவும் அவர்களுக்கு விளம்பரம்.

வெள்ளிக்கிழமை நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டதும் கண்டியிலிருந்து பஸ் ஏறினேன். வத்தேகம, பன்வில வழியாக மடுல்கெல்லவுக்கு இரண்டு மணித்தியாலம். லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சித்தி விறகடுப்பில்தான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். போன வருடம் நான் வாங்கிக் கொடுத்த கேஸ் அடுப்பு முன் அறையில், லேஸ் துணி போர்த்திக்கொண்டு, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் கொலுவிருந்தது. விருந்தாளி வந்தால் மட்டும் பற்றவைப்பாராம். "நான் யாரு சித்தி, வேத்தாளா?" என்று கேட்டேன். சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது.

சனிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குத் த்ரீவீல் வந்தது. லயத்திலிருந்து மடுல்கெல்ல கடைத் தெரு மூன்று கிலோமீட்டர், அறுநூறு ரூபாய். பாதை படுமோசம், எனவே பேரம் பேச மனம் வரவில்லை. சித்தி காம்பராவிலிருந்து வண்டிக்கு வரும் இருபது அடிக்குள் இரண்டு தடவை நின்றார். பம்ப் போட்டீங்களா என்று கேட்டேன். "பையில வச்சிருக்கேன்" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அப்படிச் சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன், சித்தி என்றதும் விட்டுவிட்டேன். அது என் தவறு.

வழியில் டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கேட்டார். "டீச்சர், அம்மாவுக்கு காசமா?"

"இல்ல. இது தொத்துற நோய் இல்ல."

"இல்ல, புள்ளைங்களும் ஏறுற வண்டி, அதான் கேட்டேன்."

கேட்டதோடு நிற்கவில்லை, இரண்டு பக்கத் திரையையும் மேலே சுருட்டிவிட்டார். குளிர்காற்று நேராகச் சித்தியின் முகத்தில் அடித்தது. இருமினால் காசம், காசம் என்றால் தள்ளி உட்கார். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசவும் வர மாட்டார்கள். இதனாலேயே எத்தனை பேர் இருமலை முந்தானைக்குள் அமுக்கிக்கொண்டு மலையேறுகிறார்கள் தெரியுமா? இறங்கும்போது அந்த டிரைவருக்கு ஐந்து நிமிடம் பாடம் எடுத்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தேன். பாவம், நல்ல பிள்ளை, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

பஸ் ஆறேகாலுக்கு. கட்டணம் ஒருவருக்கு நூற்றைம்பது ரூபாய். மூச்சு முட்டுகிறவரோடு போகிறவர்கள் பஸ் கிளம்புமுன் இருபது நிமிடம் முந்திப் போங்கள். கதவுக்குப் பக்கத்தில், நடுப்பகுதியில் ஜன்னலோர இடம் பிடியுங்கள். கடைசி வரிசை வேண்டாம், ஏற்றத்தில் கரும்புகை முழுவதும் உள்ளேதான் வரும். பன்வில தாண்டியதும் சனம் நெருக்கும். சித்தி ஜன்னலில் நெற்றியைச் சாய்த்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதி ஊதி மூச்சை விட்டுக்கொண்டே வந்தார். எட்டு பத்துக்குக் கண்டி. பஸ் நிறுத்துகிற இடங்களை இப்போது அடிக்கடி மாற்றுகிறார்கள், திரும்பிப் போக எங்கே ஏற வேண்டும் என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்டபம் எழுநூறு மீட்டர் தூரம். நடக்க முடியாது என்பதால் மறுபடி த்ரீவீல், இருநூற்றைம்பது ரூபாய். ஐந்து நிமிடத்துப் பாதை. ஏரிக்கரையில் பொலிஸ் மறித்துவிட்டார்கள். இருபத்தைந்து நிமிடம் நின்றோம். ஒரே நிறத்தில் டீ-சர்ட் போட்ட இருநூறு பேர் பதாகை பிடித்து, பாண்டு வாத்தியத்தோடு ஏரியைச் சுற்றி நடந்து வந்துகொண்டிருந்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல்.

"என்ன ஊர்வலம் இது?" என்று டிரைவர் கேட்டார்.

"மூச்சு வாங்குறவங்களுக்காக நடக்குறாங்க" என்றேன்.

அவர் பதாகையைப் பார்த்தார், பின்னால் திரும்பிச் சித்தியைப் பார்த்தார், எஞ்சினை அணைத்தார். அணைத்ததற்கு அவருக்கு நன்றி. முன்னாலும் பின்னாலும் நின்ற பஸ்கள் அணைக்கவில்லை. அந்த இருபத்தைந்து நிமிடமும் சித்தி டீசல் புகையைக் குடித்தார். நடைபவனி மண்டப வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும் பட்டாசு கொளுத்தினார்கள். நான் இட்டுக்கட்டவில்லை. நுரையீரல் நோய் விழிப்புணர்வு நிகழ்ச்சியின் வாசலில் முழுச் சரம் பட்டாசு வெடித்துப் புகை அடங்கும்வரை நாங்கள் எதிர்ப்பக்கக் கடையொன்றில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

நிகழ்ச்சி மேல்மாடியில். லிஃப்டில் பழுது என்று ஒட்டியிருந்தது. ஒட்டிய தாளே மஞ்சளாகியிருந்தது. படிகளை எண்ணினேன், நாற்பத்தெட்டு. அந்தப் படிகளின் அடியில் கிளினிக் கொப்பியும் கையுமாக ஒன்பது பேர் இருந்தார்கள். சிலர் படியில், ஒருவர் காவலாளியின் கதிரையில், மற்றவர்கள் சுவரில் சாய்ந்து. மேலேயிருந்து ஒலிபெருக்கியில் வரவேற்புரை கேட்டது. நோயாளிகள் எல்லோரும் கீழே, நோயில்லாதவர்கள் எல்லோரும் மேலே போய் நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டீ-சர்ட் போட்ட ஓர் இளம்பெண் இறங்கி வந்து, மேலே வாருங்கள், சோதனை மேலேதான், தேத்தண்ணியும் இருக்கிறது என்று அழைத்தாள். ஒரு விண்ணப்பத் தாளும் கொடுத்தாள். முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட். இரண்டாவது, எத்தனை வருடமாக. விறகடுப்பு பற்றி, தூசியில் வேலை செய்தது பற்றி, ஒரு கேள்வியும் இல்லை. சித்தி சார்பில் இரண்டிலும் சைபர் எழுதினேன். அந்தத் தாளின்படி சித்திக்கு நோயே வரக்கூடாது.

சித்தி அதற்குள் ஏறத் தொடங்கிவிட்டார். சோதனை மேலே என்றால் மேலேதானே போக வேண்டும் என்கிற சுபாவம். பதினாலாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தோள் இரண்டும் ஏறி இறங்கின, உதடு நிறம் மாறியது. நான் ஓடிப்போய்ப் பையைத் திறந்து பம்பை எடுத்து நீட்டினேன். சித்தி முகத்தைத் திருப்பினார்.

"வேணாம்."

"என்ன வேணாம்? போடுங்க."

"ஒருசந்தி." ஒரு மூச்சு. "அந்தோனியார் நவநாள்." இன்னொரு மூச்சு. "நன்மை வாங்கணும், சாயங்காலம். வாயில ஒண்ணும் போகக் கூடாது."

எங்கள் ஆட்களில் வயதானவர்கள் நன்மை, அதாவது பூசையில் நற்கருணை, வாங்கும் நாளில் ஒருசந்தி என்று எழும்பியதிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். தெரியும். ஆனால் பம்பும் வாய் வழியாகத்தானே போகிறது என்று சித்தி கணக்குப் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போடுவதில்லை. நவநாள் ஒன்பது நாளும் போடுவதில்லை. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் நாற்பது நாளும் பொழுது இறங்கும்வரை போடுவதில்லை. அப்படி நாற்பது நாள் கிடந்துவிட்டுத்தான் பெரிய வெள்ளியன்று மலையேறி விழுந்திருக்கிறார். மருந்து பலன் தரவில்லையாம். மருந்து உள்ளே போனால்தானே பலன் தர?

பொது இடம் என்றும் பார்க்காமல் நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது. சித்தி அசையவில்லை. கீழே காவலாளியின் கதிரையில் இருந்த பெரியவர்தான் பேசினார். ஹனீஃபா நானா, பிலிமத்தலாவையில் மெத்தைக் கடை வைத்திருந்தவர், நாற்பது வருடம் இலவம் பஞ்சு அடித்து நெஞ்சு போனவர்.

"மகள், அவங்கள ஏசாதீங்க. நானும் அப்பிடித்தான். நோம்பு முப்பது நாளும் பகலைல பம்பத் தொடுறல்ல. பெருநாள் முடிஞ்சா ஆஸ்பத்திரி. மூணு வருஷமா இதுதான் நடக்குது."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா நானா?"

"அவங்க கேக்கல்ல, நான் சொல்லல்ல."

நான் நாற்பத்தெட்டுப் படிகளையும் ஏறினேன். மேடையில் யாரோ சிகரெட்டின் தீமைகளைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தார். முன்வரிசையில் கிளினிக் டாக்டர் இருந்தார், யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை, முப்பது வயதிருக்கும். காதுக்குள் சொன்னேன்: உங்கள் நோயாளிகள் எல்லோரும் கீழே இருக்கிறார்கள், ஒருவருக்கு உதடு நீலம்.

"ஓம், வாறன்" என்று எழும்பியவர் என்னை முந்திக்கொண்டு இறங்கினார்.

படியில் சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டார். நானா சொன்னதையும் கேட்டார். பிறகு எல்லோரையும் பார்த்து, "வேற ஆர் ஆர் இப்பிடி விடுறனீங்கள்? பயப்பிடாமச் சொல்லுங்கோ" என்றார். ஒன்பது பேரில் இன்னும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். டாக்டர் சித்தியின் கொப்பியைத் திறந்து அந்தச் சிவப்பு மை வரியைப் பார்த்தார்.

"நான் மருந்தைக் கூட்டிக் கூட்டி எழுதிக்கொண்டிருந்தன். பாவிக்கிறீங்களோ எண்டு கேட்டனான், ஓம் எண்டீங்கள். எந்த நாள் விடுறீங்கள் எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்ல."

இந்த ஒரு வார்த்தைக்காக அவரை மன்னித்தேன். நானாவிடம், நோன்பு வருமுன்னே வாருங்கள், விடியுமுன் சஹர் நேரத்துக்கும் நோன்பு திறந்த பிறகுமாக மருந்தை மாற்றித் தரலாம், ஆனால் திணறல் வந்தால் பொறுத்திருக்கக் கூடாது, பள்ளியில் மௌலவியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று விளக்கினார். ஊதிப் பார்க்கும் மெசினைக் கீழே கொண்டுவரச் சொல்லிக் காவலாளியின் மேசையில் வைத்தார். ஐந்து நிமிட வேலை. முதலிலேயே கீழே வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஏற்பாட்டாளர் ஒருவர் படமெடுக்க இறங்கி வந்தார். நான் பார்த்த பார்வையில் திரும்பி ஏறிவிட்டார்.

சித்தியைக் கீழே இறக்கி, மூச்சு ஓரளவு ஆறியதும் ஊதவைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது இது: நுரையீரல் நல்ல நிலையில் இல்லை, அதை மறைக்க முடியாது. ஆனால் மருந்தையே ஒழுங்காகப் போடாத ஆளுக்கு மருந்து பலிக்கவில்லை என்று முடிவெடுக்கவும் முடியாது. "மூண்டு மாசம் ஒரு நாளும் விடாமப் போட்டிட்டு வாங்கோ அம்மா. ஒக்சிசன் கதையை அதுக்குப் பிறகு பாப்பம். இப்ப ஒண்டைப் போடுங்கோ."

சித்தி பம்பைக் கையில் வாங்கினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிங்க டாக்டரம்மா. ஆனா இத ஃபாதருல்ல சொல்லணும்."

இதற்கு மேல் என்ன செய்ய? ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றும் பிடிவாதம். டாக்டர் அங்கேயே முகமூடி வைத்து மருந்தைப் புகையாகக் கொடுத்தார். அது வாயில் போகிற கணக்கில் வராது என்று சித்திக்கு எப்படித் தோன்றியதோ, மறுக்கவில்லை. ஒரு மணித்தியாலம் பக்கத்திலேயே வைத்துப் பார்த்து, உதட்டின் நிறம் திரும்பிய பிறகுதான் போக விட்டார். பன்னிரண்டே முக்காலுக்கு பஸ், மூன்று மணிக்கு மடுல்கெல்ல.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எந்த நிகழ்ச்சி, எந்த கிளினிக் என்றாலும் முதல் நாளே தொலைபேசியில் எத்தனை படி என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், வைத்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். தினமும் போடுகிற பம்ப் ஒன்று, திணறும்போது போடுகிற பம்ப் ஒன்று, இரண்டையும் பையில் அல்ல, கையில் வைத்திருங்கள். போய்வர எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி, வடை உட்பட இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் முடிந்தது. தோட்டத்தில் ஒரு நாள் பேரும், அதாவது அன்றைய கூலியும், போகும், அதையும் நினைத்துக்கொண்டு கிளம்புங்கள். கேஸ் அடுப்பு இருந்தால் இன்றைக்கே அந்த லேஸ் துணியை உருவுங்கள். விறகுதான் என்றால் கதவைத் திறந்து வைத்து, புகை போகிற பக்கத்துக்கு எதிரே நின்று சமையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பம்ப் போட்டாயா என்று கேட்காதீர்கள். எப்போது போடுவதில்லை என்று கேளுங்கள்.

அன்று மாலை ஐந்தரைக்குத் தோட்டத்துக் கோயிலில் நவநாள் பூசை. ஃபாதர் பன்விலவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். சித்தி பம்பை நீட்டிக் கேட்டார். "இது ஒருசந்திய முறிக்குமா ஃபாதர்?"

"மருந்து முறிக்காதும்மா. ஒருநாளும் முறிக்காது. முறிக்கும்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல ஃபாதர்" என்றார் சித்தி. முறிக்காது என்றும் யாரும் சொன்னதில்லை.

ஃபாதருக்கு அது சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். பூசையைத் தொடங்குமுன் பீடத்திலிருந்தே சொன்னார்: நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் எடுத்துவிட்டே நற்கருணைக்கு வரலாம், விட்டுவிட்டு வருவது பக்தி இல்லை. இரண்டே வசனம். பதாகை இல்லை, பாண்டு வாத்தியம் இல்லை. சித்தி வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடியே பம்பை வாயில் வைத்து அழுத்தினார். கோயில் முழுக்கக் கேட்டது. பின் வரிசையில் எங்கேயோ இன்னொரு பம்ப் சத்தம் கேட்டது, கொஞ்சம் கழித்து இன்னொன்று. நன்மை வாங்கச் சித்தி ஒரு தடவையும் நிற்காமல் நடந்தார்.

பூசை முடிந்து வாசலில் சித்திக்காக நின்றபோது மேல் லயத்து ஃபிலோமினா என்னிடம் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், சித்தியோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்.

"டீச்சர், எங்கக்காவுக்கும் இதே நெஞ்சு வருத்தந்தான். போன வருசம் தபசு காலத்துல போயிட்டா. பம்பு அலுமாரியில புதுசா இருந்திச்சு, ஈஸ்டருக்குப் பொறகு போடுறேன்னு வச்சிருந்தா." தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "அப்போ அவ போட்டிருக்கலாமா டீச்சர்?"

போட்டிருக்கலாம் என்றேன்.